தண்ணீரில் விழுந்த குண்டுகள்

நனைந்த செய்தித்தாள் கட்டைப் பிரிக்கும்போது அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டால் தாள் கூழாகிக் கையோடு வந்துவிடும். குண்டு எங்கே நுழைந்தது, எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று ஒன்றும் தெரியாது. அந்த அக்டோபர் காலையில் நான் கொட்டகைக்குப் பின்னால் ஈரப்புல்லில் முழங்காலிட்டு, மான் உடம்புக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்க மூன்று நாள் தொட்டியில் ஊறிக் கிடந்த பழைய பேப்பர்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன். மேல் தாளில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. யாருடைய கல்யாணப் படமோ அதில் இருந்தது. மாப்பிள்ளையின் காதோரமாகக் குண்டு போயிருந்தது. இருபது தாள் தள்ளி ஓட்டை கட்டைவிரல் அளவாயிற்று. அதற்கப்புறம் கோழிமுட்டை நுழையலாம். ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் கீழே குண்டு உட்கார்ந்திருந்தது, தலை நாலாபக்கமும் மடங்கி, மழை விட்ட மறுநாள் முளைத்த காளான் மாதிரி.

அதை எடுத்துத் துடைத்து ஆர்லினிடம் கொடுத்தேன். என் கணவர் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். வலது கையில் வாங்கினார், கை நடுங்கியது, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்தக் கை அப்படித்தான். காபிக் கோப்பையை நான் பாதிதான் நிரப்புவேன். நிரப்பாததை அவர் பார்க்காதது மாதிரி இருப்பார். ஸ்பிரிங்ஃபீல்டில் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததால் எங்களுக்கு ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

"பட்டன் மாதிரி விரிஞ்சிருக்கு பாரு, நெல்டா. இத விடவா கடையில விக்கிறான்?"

அவருடைய தம்பி லாய்ட் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "பேப்பர வேட்டையாடுறதுல உன்ன அடிச்சிக்க ஆளில்ல, பெரியவரே. போன வாரம் வந்த பேப்பரா அது? பாத்து, ஓடிடப் போவுது" என்றான். ஆர்லின் சிரித்தார். லாய்டின் கேலி அவருக்குப் பிடிக்கும். உடம்பு சரியில்லாதவரைக் கேலி செய்யக் கூடாது என்று ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டபோது, அவன் ஒருவன்தான் தாழ்த்தாமல் இருந்தான்.

தோள்மூட்டை மாற்றிய பிறகு அவரால் ரைஃபிள் சுட முடியாது. உதைக்கிற உதையில் மூட்டு பெயர்ந்துவிடும் என்றார்கள். அதனால்தான் ரிவால்வர். மரத்தில் முதுகை ஊன்றி, முழங்கால்களின் மேல் முழங்கைகளை வைத்து, இரண்டு கையாலும் பிடித்தால் அந்த நடுக்கம் எங்கேயோ போய்விடும். எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: இருபத்தைந்து கெஜத்தில் ஒரு காகிதத் தட்டை ஆணியடித்து வைத்து ஆறு சுடவேண்டும். ஆறும் தட்டுக்குள் விழாதவன் அந்த வருஷம் கைத்துப்பாக்கியோடு மானைத் தேடிப் போகக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. ஆகஸ்ட் தொடங்கி ஒன்பது சனிக்கிழமை அவர் தட்டு வைத்தார். ஒன்பது தடவையும் ஆறுக்கு ஆறு. தட்டுகளைக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்தார்.

குண்டு எதனால் செய்தது என்பதை அவர் துப்பாக்கியைவிடப் பெரிதாக நினைப்பார். இறுகின குண்டு ஊசி மாதிரி உள்ளே போய் ஊசி மாதிரியே வெளியே வந்துவிடும். மான் சாகும்தான், ஆனால் எங்கேயோ ஓடிப் போய், யார் கண்ணிலும் படாமல், அதற்குள் என்னென்ன பட வேண்டுமோ எல்லாம் பட்டுச் சாகும். மெத்தென்ற குண்டு உள்ளே விரிந்து, நின்ற இடத்திலேயே படுக்க வைக்கும். "சத்தம் அது காதுல விழறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்" என்பார். மான் கறி இல்லாவிட்டால் நாங்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. காட்டில் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் தான் ஒரு நோயாளி என்பதை மறந்திருப்பதாக ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈயம் காய்ச்சுவது என் வேலை. நடுங்கும் கையில் கொதிக்கும் ஈயக் கரண்டியைக் கொடுக்க முடியுமா? கார் சக்கரத்தில் மாட்டுகிற ஈயத் துண்டுகளை உருக்கி, அழுக்கை வழித்து, அச்சில் ஊற்றி, தட்டி எடுப்பேன். இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அச்சிலிருந்து விழும் குண்டை விரித்த துணித்துண்டின் மேல் விழ விட்டு, தானாக ஆற விட்டால் அது மெத்தென்றே இருக்கும். சுடச்சுடத் தண்ணீர் வாளியில் விழ விட்டால் இறுகிவிடும். இளவயதில் நாங்கள் இருவரும் இரும்புப் பலகை சுடும் போட்டிகளுக்குப் போவோம். அதற்கு இறுகின குண்டுதான் வேண்டும். முப்பது வருஷம் வாளிக்கு மேலே தட்டிப் பழகிய கை என்னுடையது. மானுக்கு என்றால் துண்டு என்று ஆர்லின் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். பரீட்சை பார்த்த அந்தக் குண்டுகள் துண்டில் ஆறியவை.

மான் வேட்டைச் சீசனுக்காக இன்னும் அறுபது குண்டு ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவர் கைக்கும் தோளுக்கும் பயிற்சி எடுக்க டவுனுக்குப் போயிருந்தபோது உட்கார்ந்தேன். அன்று சர்ச்சில் சாப்பாடு; அடுப்பில் ஆப்பிள் பூரணம் வைத்த பை இரண்டு வெந்துகொண்டிருந்தன. பாதி மனசு அங்கே. வாளி எப்போதும் போலக் காலடியில் இருந்தது, அச்சு சூடேறினால் மேலே பிடிக்க வைத்திருப்பேன். உஸ்ஸென்று சத்தம் வந்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். அதற்குள் பதினைந்தோ இருபதோ உள்ளே கிடந்தன. என் கை என்னைக் கேட்காமல் பழைய வழியில் போயிருந்தது.

அங்கேயே நிறுத்தி, எல்லாவற்றையும் சட்டியில் திரும்பப் போட்டிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் மணிக்கட்டு வலித்தது, பை கருகிவிடும் போலிருந்தது, துண்டில் விழும் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டி நசுங்குகிற தொல்லையும் வாளியில் இல்லை. போனது போகட்டும் என்று மிச்சத்தையும் வாளியிலேயே தட்டினேன். மனசு கேட்காமல், உடனே ஒன்றைத் தோட்டாவில் வைத்து, மிச்சமிருந்த ஈரப் பேப்பரில் சுட்டுப் பார்த்தேன். விரிந்துதான் இருந்தது. துண்டில் ஆறியதுபோல அழகாக இல்லை, ஆனாலும் விரிந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வாளியில் விழுந்த ஈயம் அந்த நிமிஷமே இறுகுவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் என்று மெல்ல மெல்லத்தான் இறுகும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்ததை அன்றைக்கு நினைவுக்கு வரவிடவில்லை, அவ்வளவுதான்.

சாயந்திரம் ஆர்லின் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "நல்லா பளபளன்னு வந்திருக்கே. துண்டுலதானே?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லாமல் சொன்ன பொய். கையில் மாவு, வாசலில் லாய்டின் வண்டி, ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்காகச் சொன்னது. அவர் அதில் பன்னிரண்டை மருந்தோடு தோட்டாக்களில் அடைத்துப் பெட்டியில் வைத்தார். மற்ற குண்டுகள் காபி டப்பாவில்.

நவம்பரில் சீசன் தொடங்கி மூன்றாம் நாள் காலை, நான் பீன்ஸை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓடைப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். இரண்டாவது கேட்கவில்லை என்றால் நல்ல சேதி. சோள ரொட்டிக்கு மாவு கரைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வரவில்லை. எனக்கு உடனே போன வருஷம்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே நாட்களில் அவர் ஓடைக்கரைச் சரிவில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் ஈர இலைகளில் கிடந்தார். லாய்ட் தற்செயலாக அந்தப் பக்கம் போனதால் கிடைத்தார். அன்றிலிருந்து அவர் துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இவர் தானாகவே விட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று கடவுளிடம் கேட்டிருக்கிறேன். வாய்விட்டே கேட்டிருக்கிறேன், பாத்திரம் கழுவும்போது.

கோட்டை மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வரும்போது அவர் மேய்ச்சல் நிலத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார். வெறுங்கை. முகத்தில் ரத்தமே இல்லை. பதினெட்டுக் கெஜம்தான், நெல்டா, என்றார். பெண் மான், பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது, தலையைக் குனிந்து ஓக் விதை பொறுக்கிக்கொண்டிருந்தது. வெடித்ததும் ஒரு துள்ளுத் துள்ளி, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிப்போயிற்று.

லாய்டையும் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேரும் தேடினோம். மான் நின்ற இடத்தில் ஒரு கொத்து முடி. பத்தடி தள்ளி ஒரு இலையில் மூன்று சொட்டு ரத்தம், மிளகு அளவு. அதற்கு மேல் இல்லை. ஆர்லின் கிடைத்த ஒவ்வொரு சொட்டுப் பக்கத்திலும் ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையை மாட்டிவிட்டு, குனிந்தபடி அடுத்ததைத் தேடினார். அடுத்தது இல்லை. மூன்று மணிக்கு மழை பிடித்தது. மழையில் எதைத் தேட? இருந்தும் அவர் தேடினார். முழங்காலிட்டு இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லாய்ட் அன்று கேலி பேசவில்லை. கடைசியில் அவன்தான் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்ததும், கையைக்கூடக் கழுவாமல், சட்டைப் பையிலிருந்து, ஒரு மான் சுட அரசாங்கம் தருகிற மான் சீட்டை எடுத்தார். அந்த வருஷத்துக்கு அவருக்கு இருந்த ஒரே சீட்டு. மான் விழுந்த பிறகுதான் அதில் தேதியை வெட்ட வேண்டும். விழாத மானுக்கு வெட்ட வேண்டியதில்லை. மறுநாள் போய் வேறொன்றைச் சுடலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் வழக்கம் அப்படியில்லை. காயப்படுத்தித் தொலைத்ததும் உன் மான்தான். பேனாக்கத்தியால் மாதத்தை வெட்டினார், தேதியை வெட்டினார். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. உதவிக்குப் போகவில்லை நான், போகக் கூடாது என்று தெரியும்.

"தட்டு வேற, மான் வேற" என்றார். "கை அசைஞ்சிருக்கு. எனக்குத் தெரியாமலே அசைஞ்சிருக்கு. வயித்துல வாங்கிட்டுப் போயிருக்கு அது."

"அப்படின்னு உனக்கெப்படித் தெரியும்?"

"வேற என்ன இருக்கு நெல்? குண்டு நாம பாத்த குண்டு. தூரம் எட்டுற தூரம். மிச்சம் இந்தக் கை ஒண்ணுதானே."

ரிவால்வரை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார். அன்று சாப்பிடும்போது வலது கையை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. கொட்டகைச் சுவரிலிருந்த ஒன்பது தட்டுகளையும் கழற்றிக் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டிருந்தார்; நான் சாம்பல் அள்ளப் போனபோது பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் சர்ச் ஆண்களோடு காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தேன். ஊறின பேப்பர் இருந்தது. அவர் சுட்ட அதே பதினெட்டுக் கெஜத்தில் நின்று சுட்டேன். பிறகு முழங்காலிட்டு உரிக்க ஆரம்பித்தேன். முதல் தாளில் சுண்டுவிரல் ஓட்டை. இருபதாவது தாளிலும் சுண்டுவிரல். நூறாவது தாளிலும் அதே சுண்டுவிரல். கட்டு முழுவதையும் தாண்டி, பின்னால் வைத்திருந்த இரண்டாவது கட்டில் போய் அது நின்றிருந்தது. எடுத்துக் கழுவினேன். புதுசு மாதிரி இருந்தது. மூக்கில் ஒரு கீறல் இல்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நகம்தான் மடங்கியது. மறுபடி தோட்டாவில் வைத்துச் சுடலாம் போல அவ்வளவு ஒழுங்காக என் உள்ளங்கையில் கிடந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். இருந்தாலும், குண்டு இறுகினதாக இருக்கட்டும், கையும் அசைந்திருக்கலாமே என்று எனக்கு நானே ஒரு இடம் விட்டுவைத்தேன். அந்த இடத்தில் மூன்று நாள் குடியிருந்தேன். நான்காம் நாள் ஓடைக்கு அப்பால் சீடார் மரங்களுக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றுவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காளான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். நவம்பரில் என்ன காளான்? அவர் அதைக்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் தேடிய இடத்திலிருந்து கால் மைல் இருக்கும். மான் ஓடையைத் தாண்டி, மேடேறி, புதருக்குள் போய்ப் படுத்திருக்கிறது. கயோட்டி நரிகள் பின்பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தன. முன்பக்கத் தோல் விலா எலும்பில் இன்னும் ஒட்டியிருந்தது. குச்சியால் புரட்டினேன். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், எங்கே சுட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுவார்களோ அங்கே, சுண்டுவிரல் ஓட்டை. மறுபக்கமும் அதே இடத்தில் அதே அளவு. வயிற்றில் இல்லை. ஒரு அங்குலம்கூட விலகவில்லை. அவர் கை அசையவே இல்லை. அறுபத்தொன்பது வயதில், நடுங்கும் கையோடு, அவர் வாழ்நாளில் சுட்டதிலேயே ஒழுங்கான சூடு அதுவாகத்தான் இருக்கும். என்னுடைய வாளித் தண்ணீர் அதை ஊசியாக்கி வெளியே அனுப்பிவிட்டது. அந்த மான் கால் மைல் ஓடியிருக்கிறது. ஓடையில் இறங்கி ஏறியிருக்கிறது. புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படுத்திருந்த விதத்திலிருந்தே உடனே உயிர் போகவில்லை என்று தெரிந்தது.

நான் அங்கே அழுதேன். மானுக்காகத்தான் என்று சொல்ல ஆசை. எழுந்து நடக்கும்போது என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? இனி அவர் காட்டுக்குப் போக மாட்டார். சரிவில் விழ மாட்டார். ஜன்னல் பக்கம் நாற்காலியில் என் கண்முன்னால் இருப்பார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் போதும். இப்படி ஒரு நினைப்பு எனக்குள் வந்ததையும், அது ஒரு நிமிஷம் இதமாக இருந்ததையும் வைத்து, இதைக் கேட்கிற நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். மறைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

அவர் நாற்காலியில்தான் இருந்தார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட என்னிடம் தருவார். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். ஷேவ் செய்துகொள்வதைப் பாதியில் விட்டு, மீதியை என்னிடம் செய்யச் சொன்னார்; ரேசரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நுரையைத் தடவி மெதுவாக வழித்தேன். என் கை அன்று அவர் கையைவிட அதிகமாக நடுங்கியது. "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். இருவரும் சிரித்தோம். நான் ரேசரைக் குழாயில் அலசினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லாய்டைக் கூப்பிட்டு ரிவால்வரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லாய்ட் முதலில் மழுப்பினான். அடுத்த வருஷம் நீயே கேப்ப, அப்ப நான் குடுக்க மாட்டேன், சண்டைதான் வரும் என்றான். ஆர்லின் விடவில்லை. டிசம்பரில் இன்னொரு சீசன் வருகிறது, அதில் நீ சுடு, தோட்டாவும் குண்டும் சேர்த்தே தருகிறேன் என்றார். "நெல்டா ஊத்துன குண்டு. நான் கெடுத்தேன், குண்டு கெடுக்கல" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று.

இன்னொரு மான். இன்னொரு சுண்டுவிரல் ஓட்டை. அன்றைக்கு நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும் கொட்டகைக்குப் போய்ச் சட்டியை ஏற்றினேன். காபி டப்பாவைக் கவிழ்த்தேன். குண்டுகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து உட்கார்ந்தன. பெட்டியில் இருப்பதும் பழசு, எதற்கு, லாய்டுக்குப் புதுசாகத் துண்டில் ஆற வைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். யாரும் எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. ஆர்லின் ஈரத் தலையோடு நின்றார். கையில் தோட்டாப் பெட்டி. லாய்டுக்குக் கொடுப்பதற்காக எண்ணிப் பார்த்திருக்கிறார். எண்ணாமல் எதையும் யாருக்கும் கொடுக்கிறவர் இல்லை.

"பத்துதான் இருக்கு, நெல்டா. பதினொண்ணு இருக்கணும்."

நான் கரண்டியால் சட்டியைக் கிளறினேன்.

"நீ சுட்டியா?"

"ஆமா." அதே சொல். இந்தத் தடவை பொய் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அவர் உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். உருகாமல் மிச்சமிருந்த இரண்டு மூன்று குண்டுகள் மேலே தெரிந்தன. காலியான டப்பாவைப் பார்த்தார். என் காலடியில் இருந்த வாளியைப் பார்த்தார். நாற்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய, ஈயத்தின் குணம் தெரிந்த மனுஷனுக்கு நான் வேறெதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தும் சொன்னேன். பை வெந்ததைச் சொன்னேன். கை பழைய வழியில் போனதைச் சொன்னேன். துண்டுலதானே என்று கேட்டதற்கு ஆமா என்றதைச் சொன்னேன். நூறாவது தாளைச் சொன்னேன். அவர் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"மான் கெடச்சிதா?"

"ஓடைக்கு அந்தாண்ட. சீடார் புதர்ல. முன்னங்காலுக்குப் பின்னால பட்டிருக்கு, ஆர்லின். ரெண்டு பக்கமும் ஒரே இடம். உன் கை அசையல."

அவர் முகத்தில் ஏதோ வந்தது. வெளிச்சம் என்றுதான் நினைத்தேன், ஒரு கணம். பிறகு அது நின்றது.

"என்னைக்குப் பாத்த?"

"போன புதன்கிழமைக்கு முந்தின புதன்."

அவர் மனசுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. இடது கையால் சாப்பிட்ட நாட்கள். ரேசரை என்னிடம் நீட்டிய காலை.

"பயந்தேன்" என்றேன். "நீ மறுபடி அந்தச் சரிவுல விழுந்து கெடப்பேன்னு பயந்தேன். நீயா விட்டுட்டா நல்லதுன்னு இருந்துட்டேன்."

"இந்தக் கையால இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்திருக்கும். "தெனம் நீ பாத்திட்டுதானே இருந்த."

 அடுப்பை அணைத்தேன். அவர் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். பட்டனைப் போடக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடைப் பக்கம் நடந்தார். நானும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன், கூப்பிடவில்லை.

ஓடைக்கு முன்னால் முள்கம்பி வேலி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலியை நாங்கள் தாண்டுவது ஒரே மாதிரிதான்: ஒருவர் நடுக் கம்பியைக் காலால் மிதித்து, மேல் கம்பியைக் கையால் தூக்கிப் பிடிப்போம், மற்றவர் குனிந்து நுழைவார், அந்தப் பக்கம் போனவர் திரும்பி இவருக்குப் பிடிப்பார். யாருக்கு யார் முதலில் என்று பேசிக்கொண்டதே இல்லை. ஆர்லின் வேலியருகே நின்றார். நான் வருவது அவருக்குக் கேட்டிருக்கும். இலைகள் அவ்வளவு காய்ந்திருந்தன. அவர் திரும்பவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதை. தரையில் மல்லாந்து படுத்து, கடைசிக் கம்பிக்குக் கீழே, தலையை முதலில் விட்டு, குதிகாலால் உந்தி உந்தி நுழைந்தார். நெஞ்சுவரை போனதும் கோட்டு முள்ளில் மாட்டிக்கொண்டது.

நான் பத்தடியில் நின்றேன். நாலு எட்டு வைத்தால் கம்பியைத் தூக்கிப் பிடித்துவிடலாம். என் கை தானாக நீண்டதை நானே பார்த்தேன், பிறகு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். வலது கை மெல்ல மேலே வந்து துணியைத் தேடியது, முள்ளைத் தேடியது, தவறியது, மறுபடி தேடிக் கம்பியைப் பிடித்தது. கம்பி முழுக்க அந்த நடுக்கம் ஓடி, கம்பத்துக்குக் கம்பம் கிணுகிணுவென்று சத்தம் வந்தது, மேடு தாண்டிக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும்.